இரண்டு விரற்கடை

மாப்பிள்ளையைவிட உயரம் என்று போன வருடம் பொற்கொடியை வேண்டாம் என்று போனவர்கள், மறுபடியும் பெண் பார்க்க வந்து கூடத்தில் உட்கார்ந்திருந்தார்கள். அன்றைக்குக் கொண்டையைத் தூக்கலாகப் போட்டுவிட்டோம், அதனால்தான் அப்படித் தெரிந்தாள் என்று அம்மா சொல்லியனுப்பியிருந்தாள்.

பொற்கொடியின் முதுகெலும்பு கற்பூரம் மாதிரிக் கரைகிறது என்று டாக்டர் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. எக்ஸ்ரே படத்தில் எலும்பு இருக்க வேண்டிய இடம் வெறும் கறுப்பாக இருந்தது. "முதுகைத் தாங்குற இந்த பெல்ட்டைக் கழட்டவே கூடாதும்மா. ஒருநாள் அப்படியே மடிஞ்சு உக்காந்துடும். அப்புறம் கால் ரெண்டும் விளங்காமப் போயிடும்."

உள்ளறையில் அம்மா அந்த பெல்ட்டைத்தான் கழற்றிக்கொண்டிருந்தாள்.

"வலிக்குதும்மா."

"பல்லைக் கடிச்சுக்க. இது உன்னைத் தூக்கிக் காட்டுதுடி."

கூடத்தில் மாப்பிள்ளையோடு முதுகுக்கு முதுகு நிற்க வைத்தார்கள். அவன் முதுகு சுவர்போல நேராக இருந்தது. பொற்கொடி தன்னையறியாமல் அதில் சாய்ந்துகொண்டாள். இத்தனை நாளில் அந்த ஒரு நொடிதான் வலி விட்டது. அவன் கூச்சப்பட்டு முன்னால் நகர்ந்துவிட்டான்.

அவனுடைய அம்மா இருவர் தலைமேலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்து உதட்டைப் பிதுக்கினாள். "இப்பவும் சரிசமமாத்தான் நிக்குது. இன்னும் ரெண்டு விரக்கடை கம்மியா இருந்தா கண்ணை மூடிக்கிட்டுத் தட்டை மாத்திக்கலாம்."

பொற்கொடியின் அம்மா முகமெல்லாம் சிரிப்பாகக் காபியை நீட்டினாள்.

"தையிலதானே முகூர்த்தம்? அதுக்குள்ள குறைஞ்சிடுவா."