அமாவாசைத் தறி

"ஐயோ... அம்மா... செத்தேனே!"

தினகரன் போட்ட கூச்சலில் வார்டே திரும்பிப் பார்த்தது. அவன் மனைவி புவனேஸ்வரிக்கு மானம் போயிற்று.

முட்டி ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. வலிக்கு ஊசியும் போட்டாயிற்று. அதே ஆபரேஷன் செய்துகொண்ட எதிர்க்கட்டில் அம்மாள், சாவகாசமாகக் காபி குடித்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மா கம்முனு இருக்காங்க பாருங்க. பல்லைக் கடிச்சுக்கினு இருங்களேன்."

"ஊசி கேக்கவே இல்ல புவனா..."

"உங்க அண்ணனுக்கும் போன வருஷம் இதே ஆபரேஷன்தானே? ஒரு முனகல் வந்துச்சா? வீட்டுக்கு வந்த மறுநாளே, அமாவாசைன்னுகூடப் பார்க்காம தறியை ஓட்டச் சொன்னாரு. அவரு மனுஷன்!"

அமாவாசையன்று காஞ்சிபுரத்தில் தறிக்கு லீவு. அன்றைக்கும் அண்ணன் குமரகுரு வீட்டில் மட்டும் விடாமல் தறிச் சத்தம் கேட்டது. 'என்னா வைராக்கியம்பா!' என்று தெருவே மெச்சியது. இன்னும் மெச்சுகிறது.

அந்தக் குமரகுரு தம்பியின் கட்டிலருகில்தான் உட்கார்ந்திருந்தார். மீசையைத் தடவிக்கொண்டார்.

டாக்டர் சுகாசினி வந்தார்.

"இந்த ஊசியை இதுக்கு மேல கூட்டினா ஆபத்து. சில பேர் உடம்புல இது வேலையே செய்யாது. மரபணு அப்படி. குடும்பத்துல வேற யாருக்காவது வலி ஊசி கேக்காம இருந்திருக்கா?"

"இல்ல டாக்டர்," முந்திக்கொண்டாள் புவனேஸ்வரி. "கூடப்பொறந்த அண்ணனே இதோ இருக்காரு. அவருக்கு வலியே தெரியல. இவருதான் சும்மா..."

"அப்போ கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்ப்போம்."

தினகரன் கத்துவதை நிறுத்திவிட்டுச் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கண்ணீர் தலையணையில் இறங்கியது.

டாக்டர் வாசல்வரை போய்விட்டார்.

"மருந்தை மாத்துங்க டாக்டர்!" குமரகுரு எழுந்து நின்றார். "எனக்கும் அந்த ஊசி கேக்கல."

"மாமா! நீங்கதான் மூச்சே விடலையே?"

எதிர்க்கட்டில் அம்மாள்கூடக் காபியைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். குமரகுரு தம்பியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"ஆஸ்பத்திரியில துண்டைக் கடிச்சுக்கினு கெடந்தேன். வீட்டுக்கு வந்ததும் முடியல. நான் அழுவுறது தெருவுக்குக் கேக்கக் கூடாதுன்னுதாம்மா அமாவாசை அன்னிக்கும் தறியை ஓட்டச் சொன்னேன்."