உள் டயர்

காலை வெயில் பஸ்ஸுக்கு அடியில் எட்டிப் பார்த்துவிட்டு, பின்சக்கரத்தோடு நின்றுவிடுகிறது. அங்கே இரட்டை டயர். டயர் சோதிக்கிறவள் வெளி டயரின் தேய்மானத்தை டேப்லெட்டில் ஏற்றியதும், உள் டயருக்கான கட்டத்திலும் அதே எண் தானாக வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒரு தட்டுத் தட்டினால் முடிந்தது வேலை; எல்லாரும் அப்படித்தான் தட்டுகிறார்கள். "அதையே போட்டு விடுங்க அண்ணி, ஆள் ஏறியாச்சு," என்று ஜன்னலில் தலையை நீட்டுகிறான் டிரைவர், அவள் கொழுந்தன். "முதல்ல இஞ்சினை அணைச்சிட்டு இறங்குங்க," என்றபடி அவள் சாக்கை விரித்து, மல்லாந்து உள்ளே நுழைகிறாள். கண்ணுக்கு எட்டாத அந்தப் பக்கத்தை விரல் தடவிக்கொண்டே போகிறது. ரப்பரின் பள்ளங்கள் தட்டுப்படுகின்றன, ஆழம் குறைகிறது, பிறகு ஒரே வழவழப்பு. அதன் நடுவில் சுருக்கென்று ஒரு கம்பி. வெளியே வந்தவள், சாவியைச் சுழற்றிக்கொண்டு நிற்கிறவன் எதிரிலேயே டேப்லெட்டை எடுக்கிறாள். 'வண்டி போகக் கூடாது' என்ற சிவப்புக் கட்டத்தை அழுத்துகிறாள். ரத்தம் கசியும் விரலைத் திரை ஏற்க மறுக்கிறது. மறுபடி அழுத்துகிறாள். "என்னப்பா, கிளம்பலையா?" என்று மேலேயிருந்து ஒரு குரல். சாவி சுழல்வது நிற்கிறது. கொழுந்தன் அவள் விரலைப் பார்க்கிறான். தன் விரலை நீட்டி, அந்தச் சிவப்புக் கட்டத்தை அவனே அழுத்துகிறான்.