அவர் கைபடாத படம்

"ஃபுல் எச்டியே போதும்" என்று என் கணவர் மூன்றாவது தடவையாகச் சொன்னதும் எனக்கு உறுதியாகிவிட்டது. இந்த மனுஷன் எதையோ மறைக்கிறார்.

கடை மேசையில் இரண்டு மானிட்டர்கள் பக்கத்துப் பக்கத்தில் நின்றன. இரண்டும் இருபத்தேழு அங்குலம். இடது பக்கம் ஃபுல் எச்டி. வலது பக்கம் ஃபோர் கே. அதில் நான்கு மடங்கு புள்ளிகள் என்றார் கடைக்காரர்.

எங்கள் ஸ்டூடியோவில் படம் எடுப்பது நான். கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அதைத் திருத்துவது அவர். ஃபோர் கேதான் வேண்டும் என்று அடம்பிடிக்க வேண்டியவரே அவர்தான். மழுங்கல் உளியே போதும் என்று ஒரு தச்சன் சொன்னால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

விலையையும் காரணமாகச் சொல்ல முடியாது. தள்ளுபடியில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

ஒரு வருடமாகவே ஆள் சரியில்லை.

ஒரிஜினல் படங்கள் இருக்கும் ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போட்டிருக்கிறார். ஆல்பத்துக்குப் படம் தேர்ந்தெடுக்க வாடிக்கையாளர்கள் வந்தால், டீ போடச் சொல்லி என்னை உள்ளே அனுப்பிவிடுவார். நான் டம்ளர்களோடு வருவதற்குள் தேர்வு முடிந்திருக்கும். ஒரே படத்தை வைத்துக்கொண்டு அரைநாள் நோண்டுவார். கேட்டால், "சும்மா, கலர்" என்பார்.

போன மாதம் ஒரு மணப்பெண்ணின் அம்மா வாசலில் என்னைப் பிடித்துக்கொண்டாள். ஆல்பத்தில் பெண்ணின் கண்ணெல்லாம் பேனாவால் வரைந்த மாதிரி இருக்கிறதாம்.

எனக்கு மானம் போயிற்று. வரைந்தது யார்? சாட்சாத் இவர்தான். கையிலிருந்த தொழில் போய்விட்டது, அதை ஒத்துக்கொள்ள மனசு வரவில்லை. என் படங்களைக் கெடுத்துக்கொண்டிருக்கிறார். நல்ல மானிட்டர் வந்தால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதுதான் இந்தப் பாடு.

நானா விடுவேன்? ஞாயிற்றுக்கிழமை எடுத்த கல்யாணத்தின் மெமரி கார்டை அவரிடம் கொடுக்காமல் கைப்பையில் போட்டுக்கொண்டு வந்திருந்தேன். கேமராவிலிருந்து நேராக வந்த படங்கள். அவர் கைபடாதவை.

கார்டை எடுத்து நீட்டியதும் அவர் குரலே மாறிவிட்டது.

"அது எதுக்கும்மா இப்ப? வேண்டாம், வா போகலாம்" என்று என் மணிக்கட்டைப் பிடித்தார்.

எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்கிற கதைதான். கையை உதறினேன்.

கடைக்காரர் இரண்டு திரையிலும் ஒரே படத்தைப் போட்டார். பாதி திரும்பிச் சிரிக்கிற மணப்பெண். பார்க்கவே எனக்குப் பெருமையாக இருந்தது. லென்ஸைக் கையால் திருகி, நானே ஃபோகஸ் செய்து எடுத்தது. பதினெட்டு வருடமாக அப்படித்தான். அந்த வேலையைக் கேமராவிடமே விட்டுவிடேன் என்று போன வருடம் இவர் ஒரு தடவை சொன்னார். மூன்று நாள் நான் பேசவில்லை.

"இப்ப சொல்லுங்க. இதுல திருத்துறதுக்கு என்ன இருக்கு?" என்றேன் கடைக்காரரிடம்.

அவர் ஃபோர் கே பக்கம் குனிந்தார்.

"ஃபோகஸ் பொண்ணு மேல விழலையே மேடம். பின்னாடி கதவு மேல விழுந்திருக்கு. தாழ்ப்பாள் ஸ்க்ரூகூடத் தெரியுது, முகம்தான் மங்கலா இருக்கு. ஃபுல் எச்டில இது அவ்வளவாத் தெரியாது. இது காட்டிக் கொடுத்துடும்."

ஓகோ, இவரும் கூட்டுதானா? காலையிலேயே ஃபோன் போட்டுச் சொல்லி வைத்தாயிற்றா?

ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கிறது, உங்கள் மானிட்டர்தான் சரியில்லை என்று சத்தம் போட்டேன். பக்கத்து மேசையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

கடைக்காரர் கோபித்துக்கொள்ளவில்லை. கம்பெனி கொடுத்த படம் ஒன்றை இரண்டிலும் போட்டார். ஒற்றை இலை. இடது பக்கம் சுமாராகத்தான் தெரியும் என்றார். வலது பக்கம் நரம்பு நரம்பாகத் தெரியும், இலையின் ஓரத்தில் ஓர் எறும்பு நிற்கிறது, அதன் காலைக்கூட எண்ணலாம் என்றார்.

பார்த்தேன். கிட்டே போய்ப் பார்த்தேன். இரண்டடி தள்ளி நின்று பார்த்தேன்.

இரண்டிலும் பச்சையாக ஓர் இலை இருந்தது. நரம்பு இல்லை. எறும்பைத் தேடினேன்.

திரும்பினேன். என் கணவர் திரையைப் பார்க்கவில்லை. என் பக்கமாகத் திரும்பி நின்றுகொண்டிருந்தார்.

ஒரு வருடமாக இந்த நிமிஷத்துக்குத்தான் இவர் பயந்துகொண்டிருந்திருக்கிறார். நான் மங்கலாக எடுத்துப் போட்ட கண்களை ஒவ்வொன்றாக உட்கார்ந்து வரைந்திருக்கிறார். வந்தவர்கள் ஏதாவது சொல்லி அது என் காதில் விழுந்துவிடக் கூடாதென்றுதான் டீ போட அனுப்பியிருக்கிறார்.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம் ஒத்துக்கொண்டிருக்கிறேன்.

"தெரியுதா மேடம்?"

"நல்லாத் தெரியுது" என்றேன். "ஆனா எங்களுக்கு ஃபுல் எச்டியே போதுங்க."

என் கணவருக்குக் கேட்டது கிடைத்துவிட்டது. இனி அவர் பில் போடச் சொல்ல வேண்டியதுதான். சொல்லவில்லை. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சட்டை நுனியால் துடைக்க ஆரம்பித்தார்.

அழுகிறாரோ என்று அவர் முகத்தைப் பார்த்தேன்.

கைக்கெட்டும் தூரத்தில்தான் நிற்கிறார். எனக்குச் சரியாகத் தெரியவில்லை.