ஆறாவது தீர்மானம்

வாக்குச்சீட்டில் ஆதரவுக்கான மேல் கட்டத்தில் அவள் டிக் அடித்துவிட்டாள்.

பேனாவை மூடும்போது பக்கத்து நாற்காலியிலிருந்து சென்னியப்பன் அவள் பக்கம் சாய்ந்தார்.

கோயம்புத்தூர் மில்லின் ஆண்டுக் கூட்டம். நாலு வருடமாக இருவரும் பக்கத்துப் பக்கத்தில்தான் உட்காருகிறார்கள். அவள் சென்னையிலிருந்து ரயிலில் வருவாள். அவர் ஸ்பின்னிங் பிரிவிலிருந்து முகம் கழுவிக்கொண்டு வருவார். பொன்விழாவுக்குத் தொழிலாளிகளுக்கு மில் ஆளுக்கு ஐம்பது பங்குகள் கொடுத்திருந்தது; அவருடையது அவரிடம் இருந்தது.

அவளை இங்கே கொண்டுவந்தது ஒரு ஆண்டறிக்கை. கடைசிப் பக்கத்துப் பொடி எழுத்தில் ஒரே ஒரு வரி.

பதினாலு ஏக்கர் நிலம். மதிப்பு: 1961-இல் வாங்கிய விலை.

பங்கு நாற்பது ரூபாய்க்குச் சீந்துவாரில்லாமல் கிடந்தது. நிலத்தை மட்டும் விற்றாலே பங்குக்கு முந்நூறு தேறும். மில்லை அவள் கணக்கில் சேர்க்கவே இல்லை.

ஓசைப்படாமல் வாங்கிச் சேர்த்தாள்.

எல்லாரும் விற்றுவிட்டு ஓடும்போது நீங்கள் எதற்கு வாங்குகிறீர்கள் என்று முதல் வருடமே அவர் கேட்டார். வெளியே தெரியாத மதிப்பு உள்ளே நிறைய இருக்கிறது என்றாள்.

பொய்யில்லை.

அடுத்த வருடம் விருப்ப ஓய்வு அறிவித்தார்கள். நல்ல தொகை. பாதிப் பேர் வாங்கிக்கொண்டு போனார்கள். சென்னியப்பன் போகவில்லை. மெட்ராஸிலிருந்து படித்த பெண் வந்து நம் மில்லை நம்பிக் காசு போடுகிறது, நாம் ஏன் ஓட வேண்டும் என்று தன் ஷிப்டில் ஆறு பேரையும் போகவிடாமல் நிறுத்தியிருந்தார். அதை அவளிடமே வந்து பெருமையாகச் சொன்னார்.

அவள் சிரித்து வைத்தாள்.

இன்று ஆறாவது தீர்மானம். ஆங்கிலத்தில் முக்கால் பக்கம். மில்லை மூடுவது, நிலத்தை விற்பது என்ற சொற்கள் எங்கேயும் வந்துவிடாதபடி எழுதியிருந்தார்கள்.

"இதுல எங்கீங்க அம்மணி டிக் அடிக்கோணும்?"

அவரும் பின் வரிசையில் இருந்த அந்த ஆறு பேரும் வைத்திருந்த பங்கையெல்லாம் சேர்த்தாலும் சுண்டைக்காய். அவர்கள் எதிர்த்துப் போட்டாலும் தீர்மானம் நிறைவேறிவிடும். உண்மையைச் சொன்னால் அவளுக்கு ஒரு ரூபாய் குறையாது.

அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

அவர் காத்திருந்தார். புருவத்தில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.

அவள் வாயைத் திறந்தாள்.

பிறகு, சீட்டை மறைத்திருந்த கையை மெல்ல எடுத்துக்கொண்டாள்.

அவர் எட்டிப் பார்த்தார். தன் சீட்டைத் தொடை மேல் வைத்து, அழுத்தி, நிதானமாக டிக் அடித்தார். நிம்மதியாகப் பின் வரிசைப் பக்கம் திரும்பினார்.

"அம்மணி மேல் கட்டத்துல போட்டிருக்குதப்பா. எல்லாரும் அங்கயே போடுங்க."

ஆறு தலைகள் குனிந்தன.