கூப்பிடுற பேர்

"உங்களை இங்க எப்படிக் கூப்பிடுவாங்க?" என்று கேட்டார் ஆய்வுக்கு வந்த அம்மா.

"ஆமைங்க" என்றாள் தையல் மெஷினில் இருந்த அமராவதி.

சூப்பர்வைசர் தரணீதரனுக்கு உச்சந்தலை வேர்த்தது.

வேலம்பாளையத்து பனியன் கம்பெனி அது. தொழிலாளிகளை யாராவது கேலி செய்கிறார்களா, மிரட்டுகிறார்களா என்று பார்த்துவிட்டு வர, வெளிநாட்டில் ஆர்டர் கொடுப்பவர்கள் அந்த அம்மாவை அனுப்பியிருந்தார்கள்.

அவர் வருகிறார் என்பதற்காகவே, 'இங்கு அனைவரும் மரியாதையுடன் நடத்தப்படுகிறார்கள்' என்ற அட்டையைக் காலையில் தரணீதரன் தன் கையாலேயே சுவரில் ஒட்டினான். பசை இன்னும் காயவில்லை.

"கேட்டதுக்கு உள்ளதச் சொல்லுங்க, வளவளன்னு பேசாதீங்க" என்று தையல் லைன் முழுக்கச் சொல்லிவைத்தவனும் அவன்தான்.

சொன்னபடியே செய்தார்கள்.

"ஓட்ட ரேடியோங்க" என்றாள் அடுத்த மெஷினில் இருந்த முத்தாயி.

பீஸ் மடித்துக்கொண்டிருந்த மாரப்பன் வாயே திறக்கவில்லை. தொப்பியைக் கழற்றி வழுக்கையைக் காட்டினார். அந்த அம்மா புரிந்துகொண்டு எழுதினார்.

தரணீதரன் பேர் வைப்பதில் கெட்டிக்காரன். அவன் வைத்தால் ஒட்டிக்கொள்ளும், ஊர்ப் பேர் மாதிரி. வைக்கும்போதெல்லாம் லைனே சிரிக்கும். சிரிக்கிறார்களே, பிடித்துத்தான் போயிருக்கிறது என்று அவன் நம்பியிருந்தான்.

இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அடுத்தது கீர்த்தனா. கொமரலிங்கத்திலிருந்து புதிதாக வந்த பெண். கொஞ்ச நாளாகச் சாப்பாட்டு நேரத்தில்கூட யாரோடும் உட்காராதவள்.

"உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க, கண்ணு?"

"ரி... ரிப்பீட்டுங்க."

காதில் விழவில்லையாக்கும் என்று அந்த அம்மா மறுபடி கேட்டார். "உங்களை எப்படிக் கூப்பிடுவாங்க?"

"ரி... ரிப்பீட்டுங்க."

அந்த அம்மா குனிந்து, இன்னும் சத்தமாக, இன்னும் நிதானமாகக் கேட்டார். கீர்த்தனாவின் கண் நிறைந்துவிட்டது.

அமராவதிதான் மெஷினை நிறுத்தினாள். "அதுதானுங்க அவ பேரு. அவளுக்குப் பேச்சு திக்குமுங்க."

பேனா நின்றது.

தரணீதரன் சுவரைப் பார்த்தான், தரையைப் பார்த்தான், கடைசியில் கீர்த்தனாவைப் பார்த்தான். அந்தப் பேரை அவன் எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறான். அவள் வாயால் கேட்டது இதுதான் முதல் தடவை. இதில் சிரிக்க என்ன இருந்தது என்று அவனுக்கே விளங்கவில்லை.

அவன் முகத்தைப் பார்த்தே விஷயம் புரிந்து, அந்த அம்மா அவனைப் பக்கத்தில் அழைத்தார். பிறகு லைனைப் பார்த்துக் கேட்டார்:

"சரி, இவருக்கு நீங்க என்ன பேர் வெச்சிருக்கீங்க?"

தரணீதரன் கண்ணை மூடிக்கொண்டான். இன்றோடு வேலை போச்சு. போனால் போகட்டும், அவர்கள் வாயாலும் ஒரு பேர் கேட்டுவிட்டே போவோம் என்று நின்றான்.

லைனில் எல்லோரும் அமராவதியைப் பார்த்தார்கள்.

"அவருக்கு நாங்க பேரே வெக்கலீங்க, மேடம்."

தரணீதரன் கண்ணைத் திறந்தான். திட்டியிருந்தால் தாங்கியிருப்பான்.

அந்த அம்மா அவனை மேனேஜர் அறைக்குக் கூட்டிப்போனார். வெகுநேரம் கழித்து முகம் சிவந்து வெளியே வந்தான். வேலை போகவில்லை. ஆனால் இனி யாரையும் சொந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும். இன்னொரு தடவை புகார் வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான்.

நேராகக் கீர்த்தனாவிடம் போனான்.

"கீ... கீர்த்தனா..." அவனுக்கே நாக்கு குழறியது. "தப்புத்தானுங்க. மன்னிச்சுருங்க."

அவன் சொல்லி முடிக்கும்வரை அவள் பொறுமையாகக் காத்திருந்தாள். பிறகு தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு அந்தப் பக்கம் நகர்ந்ததும் முத்தாயி அமராவதியிடம் குசுகுசுத்தாள்.

"ஏனக்கா, அந்த அம்மாகிட்ட இப்படிப் பொய் சொல்லிட்டீங்க?"

"பின்ன என்ன பண்றது? நாம வெச்சிருக்கற பேர, பாவம், நல்ல குடும்பத்துப் பொம்பளை, எப்படி எழுதுவா?"