ரிவர்ஸ் கியர்

அப்பா விட்டுப்போன பழைய காரை மூன்று வருடமாக வீட்டு ஷெட்டிலேயே பிரித்து மாட்டிக்கொண்டிருந்தாள் பிலோமினா. இன்று அவள் அண்ணன் காயலான் கடை லாரியை வாசலுக்கே கொண்டுவந்துவிட்டான்.

"தெருமுனை வரைக்கும் ஓட்டிக் காட்டு. இல்லன்னா இதுல ஏத்திருவேன்."

கிரீஸ் கையோடு ஏறிச் சாவியைத் திருப்பினாள். இஞ்சின் இருமி, பிடித்துக்கொண்டது. ரிவர்ஸைத் தவிர எந்தக் கியரும் விழவில்லை. பின்பக்கமாகவே வெளியே வந்து, லாரியை ஒட்டி வளைத்து, அப்படியே தெருவில் போனாள்.

அண்ணன் துரத்திக்கொண்டு ஓடினான். "இது செல்லாது! முன்னால ஓட்டு!"

"வண்டி ஓடுதா இல்லையாண்ணே?"

தெருமுனை வந்தது. அவள் நிறுத்தவில்லை. மூச்சிரைத்து நின்றுவிட்ட அண்ணனின் முகத்தில், பட்டப்பகலில், இரண்டு ஹெட்லைட்டையும் அடித்தாள். முன்கண்ணாடிக்குள் அவன் சிறுத்துக்கொண்டே போனான்.