பச்சோந்திக்குத் தண்ணீர்

எழுபத்தெட்டாம் வருஷச் சித்திரை வெயிலில், புதுச்சேரி முதலியார்பேட்டையில் சந்திரகலா வளர்த்த பச்சோந்தி கண் குழிந்து, தோல் சுருங்கிக் கிடந்தது. "பிழைக்காதும்மா" என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார். அவள் கேட்கவில்லை. பேனாவுக்கு மை ஊற்றும் ஃபில்லரால் கொய்யா இலையில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தாள்.

ஒரு மத்தியானம் அது நாக்கை நீட்டி ஒரு சொட்டைக் குடித்தது. சாயங்காலத்துக்குள் பச்சை நிறம் திரும்பி, வெட்டுக்கிளி ஒன்றையும் பிடித்துத் தின்றது.

மில்லிலிருந்து வந்த கணவன் அரிகிருஷ்ணன் அவள் தோளில் பச்சோந்தியைப் பார்த்து, சைக்கிளைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றுவிட்டான்.

"பொழச்சிடுச்சு, பாருங்க!"

"காலையில நீ தூங்கறப்போ செத்துக் கெடந்துச்சு கலா. நீ அழுவியேன்னு நான்தான் முருங்கை மரத்தடியில பொதைச்சுட்டுப் போனேன்."

"நான் எழுந்தப்போ கெளையிலதானே இருந்துச்சு!"

அவன் போய்த் தோண்டினான். காகிதத்தில் சுற்றியபடி, காய்ந்து சாம்பல் நிறத்தில் ஒரு பச்சோந்தி கிடந்தது. அதன் வால் நுனி முறிந்திருந்தது. சந்திரகலாவின் தோளில் இருந்ததற்கும் வால் அதே இடத்தில்தான் முறிந்திருந்தது.

சந்திரகலா குழியருகே உட்கார்ந்து, குழியில் கிடந்ததன் வாயில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டாள்.

"குடிடா கண்ணு."

அதன் தொண்டை அசைந்தது.